பணப்பைக்கு ஒரு பணப்பை

முறையாகத் தைத்த ஸ்காட்லாந்து கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி போகும். பின்பக்கம் முழுக்கக் கொசுவம் கொசுவமாக மடிப்பு. இத்தனை துணியில் ஒரே ஒரு பாக்கெட் கிடையாது. வேட்டிக்காவது மடி உண்டு. நோட்டைச் சுருட்டிச் செருகிக்கொண்டு போய்விடலாம். கில்ட் கட்டியவருக்கு அதற்கும் வழியில்லை. அதனால் இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலியை மாட்டி, பெல்ட் பக்கிளுக்கு நாலு விரற்கடை கீழே, நட்ட நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அதுதான் ஸ்போரன். பணம் வைக்கத்தான் அது பிறந்தது.

நம் கதாநாயகர் அந்தப் பணப்பைக்குள் வைக்க ஒரு பணப்பை தேடிக்கொண்டிருக்கிறார்.

இவரை எடின்பரோ, பெர்த், இன்வர்னஸ் என்று எந்த ஊர்க் கல்யாணத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். கில்ட்டை வாடகைக்கு எடுத்துக் கட்டி, திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுக்கும் இளவட்டங்களோடு இவர் சேர்த்தியில்லை. சொந்தக் கில்ட்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை, ஸ்போரன் அதற்கு அடியில் இருப்பதால் எவ்வளவு குனிந்தாலும் அவர் கண்ணில் படாது. ஸ்போரன் மட்டும் இரண்டு வைத்திருப்பார். பகலுக்கு வெறும் தோலில், மூன்று குஞ்சம் தொங்குவது. மாலை விருந்துக்கு வெள்ளி விளிம்பும் சீல் ரோமமுமாகப் பளபளப்பது. இரண்டாவதை மாட்டிக்கொண்டு அமெரிக்கா போகக்கூடாது, அங்கே கடல் பாலூட்டிகளைக் காக்க 1972இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எச்சரிப்பார். நீங்கள் அமெரிக்கா போவதாகவே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஸ்போரனுக்கு வயிறு பெரிது, வாய் சிறிது. கால்சட்டைப் பாக்கெட்டில் காலகாலமாகக் குடியிருந்த பர்ஸ் அதற்குள் போகாது. திணித்தாலும் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். புடைப்பது எந்த இடம் என்று யோசித்தால் மனிதரின் கவலை நியாயமானதுதான். அதனால் தோல் சாமான் கடைக்கு ஸ்போரனைக் கையில் எடுத்துக்கொண்டே போவார். கடைப் பெண் எடுத்துப்போடும் பர்ஸ் ஒவ்வொன்றையும் அதன் வாயில் நுழைத்துப் பார்ப்பார். நீளவாட்டில் ஒரு தரம், குறுக்குவாட்டில் ஒரு தரம். பிறகு மூடி, உள்ளங்கையால் நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்து ஒற்றைக் கண்ணால் நோக்குவார். கடைப் பெண்ணுக்கு இவரை நன்றாகத் தெரியும். போன மாதமும் வந்தார்.

அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேங்க் கார்டு 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 அகலம். கார்டு மட்டும் வைக்கும் சின்ன உறை ஸ்போரனுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் இருபது பவுண்டு நோட்டு 139க்கு 73. இரண்டாக மடித்தால் உறைக்கு மேலே தலையை நீட்டும். நாலாக மடிக்க வேண்டும். காகித நோட்டாக இருந்த காலத்தில் மடித்தால் மடித்தபடி கிடந்தது. 2016இல் ஐந்து பவுண்டில் தொடங்கி எல்லாம் பாலிமர் ஆகிவிட்டன. நாலாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, உறைக்குள் தள்ளிவிட்டுக் கையை எடுப்பார். நோட்டு மெல்ல முதுகை நிமிர்த்தி, உறையின் வாயைத் தானே திறந்துகொண்டு எட்டிப் பார்க்கும்.

எட்டிப் பார்க்கும் முகம் பெரும்பாலும் சர் வால்டர் ஸ்காட்டுடையது. 1817 கடைசியில் வந்த ‘ராப் ராய்’ நாவலில், சூட்சுமம் தெரியாதவன் திறக்கப்போனால் சுட்டுவிடுகிற மாதிரி துப்பாக்கி ஒளித்த ஒரு பணப்பையை ராப் ராய்க்குக் கொடுத்தவர் அவர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, ஊரையே டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியை உடுத்த வைத்து நிறுத்தி, மன்னரையும் கில்ட் கட்ட வைத்ததும் அவர் ஏற்பாடுதான். 1826இல் லண்டன் சர்க்கார் சின்ன நோட்டுகளை ஒழிக்கக் கிளம்பியபோது, புனைபெயரில் கடிதங்கள் எழுதி ஸ்காட்லாந்தின் ஒரு பவுண்டு நோட்டைக் காப்பாற்றினார். அந்த நன்றிக்குத்தான் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தன் நோட்டுகளில் அவர் படத்தைப் போடுகிறது. கில்ட்டுக்கும் நோட்டுக்கும் சேர்த்து இவ்வளவு செய்த மனுஷர், ஒன்றை இன்னொன்றில் எப்படி வைப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்.

சில்லறை தனிக் கதை. அதற்காகக் குதிரை லாட வடிவத்தில் கெட்டித் தோலில் ஒரு பர்ஸ் வாங்கினார். பிரிட்டனில் தாத்தாக்கள் வைத்திருப்பது. மூடியைத் திறந்து சாய்த்தால் காசுகள் தட்டில் வந்து வரிசையாக நிற்கும், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். அழகான பொருள், சந்தேகமேயில்லை. ஆனால் இரண்டு பவுண்டு நாணயம் ஒன்று 12 கிராம். ஏழெட்டு சேர்ந்தால் ஸ்போரன் கனக்கும், சங்கிலி தொய்யும். ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ ஆட்டத்தில் ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுழலும்போது அந்தக் கனத்தோடு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். இவரும் தள்ளினார். ஆனால் உள்ளே இருந்த சில்லறை அக்கார்டியனோடு போட்டியாகத் தாளம் போட்டது. வாசித்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆள் கஞ்சன் என்று எண்ணிவிடாதீர்கள். “இந்த ரவுண்டு என்னோடது!” என்று பாரில் முதலில் குரல் கொடுப்பவர் இவர்தான். அதோடு சரி. மூடியைத் தூக்குவார். தொப்பைக்கு அடியில் இருக்கும் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவுவார். கார் சாவி வரும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி வரும். விஸ்கிக் குப்பி பாதி வந்து மாட்டிக்கொள்ளும். பின்னால் வரிசை நீளும். பொது இடத்தில் ஒரு மனிதர் குனிந்து நின்று, தன் முன்பக்கத்தில் இரண்டு கையாலும் எதையோ நோண்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்? மரியாதையாக விட்டத்தைப் பார்ப்பார்கள். கார்டைத் தட்டினால் போதுமென்ற காலம்தான். ஆனால் ஸ்போரனோடு சேர்த்துத் தட்ட முடியாது, மெஷின் இருக்கும் உயரம் அப்படி. கடைசியில் அவர் மனைவி கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டிவிட்டு, “நாளைக்கும் கடைக்குப் போகணுமா?” என்று கேட்பார்.

போவார். மடிக்காத நோட்டு, குலுங்காத காசு, புடைக்காத தோல் மூன்றும் ஒரே பர்ஸில் அமையும்வரை போய்க்கொண்டிருப்பார். நல்ல ஸ்போரனுக்கு அதன் உட்பையே போதும் என்பது என் கட்சி. அதை அவரிடம் சொன்னால், உட்பையின் அளவு தெரியுமா என்று ஸ்கேலை எடுத்துவிடுவார்.

நீங்கள் ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் கில்ட் வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், பர்ஸை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஒரு கார்டு, அறைச் சாவி, ஆபத்துக்கு ஒரு நோட்டு போதும். திங்கட்கிழமை எல்லாவற்றையும் கடையில் ஒப்படைக்கும் முன்னால் ஸ்போரனைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து ஒரு தரம் உதறிவிடுங்கள்.