மொட்டைமாடியிலிருந்து டிராய் சமூகத்துக்கு

மேன்மை தங்கிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இந்த ஊரில் மனு எழுதுவது பழைய வழக்கம். தாத்தா காலத்தில் மகாராஜாவுக்கு எழுதினார்கள், அப்பா காலத்தில் செக்ரட்டேரியட்டுக்கு. டி.வி. விவகாரத்தை 2004-லேயே அரசாங்கம் தங்கள் கையில் ஒப்படைத்துவிட்டதால் நான் தங்களுக்கு எழுதுகிறேன். தங்களை எல்லாரும் சுருக்கமாக 'டிராய்' என்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு கோட்டை இருந்ததையும், ஊர்க்காரர்கள் ஒரு மரக்குதிரையை வெகுமதி என்று நம்பி உள்ளே இழுத்து வந்ததையும், ராத்திரியில் அதன் வயிறு திறந்ததையும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் வந்த குதிரை கறுப்பு நிறம். ஒரு சாண் அகலம். நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. செட்டாப் பாக்ஸ் என்பார்கள்.

எங்கள் வீட்டில் டி.வி. ஓடி இன்றோடு பதினொரு நாள். டி.வி. கெட்டுப்போகவில்லை. கேபிளா, டிஷ்ஷா என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு விடியற்காலையில் பக்திச் சானல் வேண்டும். வீட்டுக்காரிக்கு ராத்திரி ஏழு மணிக்குமேல் தமிழ் சீரியல். மருமகள் கோட்டயத்துக்காரி, அவளுக்கு மலையாளச் செய்தியும் மலையாளச் சண்டையும், அதாவது ஒன்பது மணி விவாதமும். பேத்திக்கு மலையாளம் பேசும் கார்ட்டூன். எனக்குப் பழைய தமிழ்ப் பாட்டு. எங்கள் ஊர் 'சாலை'க் கடைத்தெருவில் இத்தனை பேருக்கும் வேண்டிய சாமானை அரை மணி நேரத்தில் வாங்கிவிடுவேன். தங்கள் கடையில்தான் வருஷக்கணக்காகப் பில் போட்டு முடியவில்லை.

2019 பிப்ரவரி 1-ஆம் தேதியை நான் மறக்கவில்லை. அதற்கு வெகு முன்னால், டிஷ் வைக்காத காலத்தில், கேபிள்காரர் மாதம் பிறந்தால் வருவார், திண்ணையில் உட்காருவார், பணம் வாங்குவார், போவார். எந்தச் சானல் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுகமான அறியாமை. தாங்கள் 2017-லேயே போட்டுவைத்திருந்த புதிய கட்டண உத்தரவை ஸ்டார் இந்தியா உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது. 2018 அக்டோபர் 30-ல் தாங்கள் ஜெயித்தீர்கள். இனி பார்ப்பதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும், தேர்வு உன் கையில் என்று டி.வி.யிலேயே பிரகடனம் செய்தீர்கள். நாற்பது வருஷம் பிறர் கணக்கைத் திருத்திய எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபுல்ஸ்கேப் தாளில் பத்தி பத்தியாகக் கோடு போட்டு உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே இடறினேன். எதையும் பார்ப்பதற்கு முன்னால் 'நெட்வொர்க் திறன் கட்டணம்' 130 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 153 ரூபாய் 40 பைசா. கோயிலுக்குள் நுழையுமுன் செருப்புக்குக் கொடுக்கிற காசு மாதிரி. அதற்கு நூறு சானல் தருகிறோம் என்றீர்கள். அந்த நூறில் கால் பங்கு தூர்தர்ஷன். தூர்தர்ஷன்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊர் நிலையத்திலிருந்து 1985-ல் மலையாள ஒளிபரப்பு தொடங்கியபோது பக்கத்து வீட்டு வராந்தாவில் பாய் விரித்துப் பார்த்தவன் நான். ஆனால் இலவசமாக வருவதை நூறுக்குள் எண்ணி இடத்தை அடைப்பதை எங்கள் ஆபீசில் வேறு பெயரில் சொல்வோம். 2020-ல் தாங்களே திருத்திக்கொண்டீர்கள்: அதே 130-க்கு இருநூறு சானல், கட்டாயச் சானல்கள் கணக்கில் சேராது. சரி என்று புதுத்தாள் எடுத்தேன். 2024 ஜூலையில் அந்த 130 என்ற வரம்பையே தூக்கிவிட்டு, கம்பெனிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டீர்கள். தங்கள் பாஷையில் இதற்கு 'ஃபோர்பேரன்ஸ்' என்று பெயராம். அகராதியைப் புரட்டினேன், 'பொறுத்துப்போதல்' என்றிருந்தது. பொறுப்பவர் தாங்கள், கட்டுபவன் நான். அழகான பங்கீடு.

பேக்கில் சேரும் சானலுக்கு 19 ரூபாய் உச்சவரம்பு வைத்தீர்கள். வாத்தியார் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்றால் வகுப்பே முப்பத்தைந்து வாங்குமே, அப்படி வீட்டார் கேட்கிற பெரிய சானல்களாகப் பார்த்து 19-ல் போய் நின்றுகொண்டன. பிறகு 12 என்றீர்கள், பிறகு வழக்கு, பிறகு மறுபடி 19. இதற்குள் நாலு சானலைத் தனித்தனியாக எடுப்பதைவிட, அந்த நாலோடு நான் ஜன்மத்துக்கும் பார்க்காத பத்தைக் கட்டிக்கொண்ட பேக் மலிவு என்று தெரிந்தது. வெண்டைக்காய் கால் கிலோ கேட்டவனிடம், பாகற்காயும் சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்கிற கடைக்காரரைச் சாலைக் கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை.

பேக் கதையில் எங்களுக்கென்று தனி வேதனை உண்டு. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாகக் கோடு கிழித்தபோது எங்கள் நாஞ்சில் நாடு அந்தப் பக்கம் போனது, வேலை நிமித்தம் நாங்கள் இந்தப் பக்கம் இருந்துவிட்டோம். சோறும் பேச்சும் கல்யாணமும் இரண்டு பக்கமும் கலந்தபடிதான் நடக்கிறது. பேக்குகளுக்கு மட்டும் அது தெரியாது. 'கேரளா பேக்' எடுத்தால் வீட்டுக்காரியின் சீரியல் அதில் இல்லை. 'தமிழ் பேக்' எடுத்தால் மருமகளின் ஒன்பது மணிச் சண்டை இல்லை. இரண்டையும் எடுத்தால் ஒரே விளையாட்டுச் சானலுக்கும் ஒரே இங்கிலீஷ் சானலுக்கும் இரண்டு இடத்தில் மொய் எழுதுகிறேனோ என்று ராத்திரி தூக்கம் போகிறது. மாநிலம் பிரிந்ததைவிட என் செட்டாப் பாக்ஸ் பிரிந்ததுதான் வீட்டுக்குள் அதிகம் உறைத்தது.

இனி டிஷ் விஷயத்துக்கு வருகிறேன்.

சமூகம் அறியாததல்ல, இது ராக்கெட் ஊர். 1963 நவம்பர் 21-ல் தும்பையில் முதல் ராக்கெட் கிளம்பியது. மேரி மக்தலேனா தேவாலயத்தில் ஆபீஸ், சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் பாகம். 1975-ல் அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றை ஒரு வருஷத்துக்கு வாங்கி 2,400 கிராமங்களுக்கு நேராக வானத்திலிருந்து டி.வி. காட்டியபோது ஆறு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆறில் ராக்கெட் விட்ட கேரளம் இல்லை. 1997-ல் வீட்டில் சின்ன டிஷ் வைத்து நேரடியாக வாங்குவதற்கே தடை போட்டார்கள், 2000-ல் போனால் போகட்டும் என்று அனுமதித்தார்கள். ஆக, டிஷ் வைப்பது எனக்கு ஊர் அபிமானம் சார்ந்த காரியமாகத் தோன்றியது. வைத்தேன்.

பொருத்த வந்த பையன் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தான். நாங்கள் பூமத்திய ரேகைக்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறோம். துணைக்கோளோ ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில். தில்லியில் டிஷ் அடக்கமாகத் தெற்கே பார்க்கும். இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது தென்னை ஓலை. அது வருஷத்துக்கு வருஷம் வளரும். பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் மட்டையை வெட்டச் சொல்லிக் கேட்டதில் அந்த உறவு மூன்று மாதம் சிக்னல் இல்லாமல் இருந்தது.

பிறகு இடவப்பாதி. ஜூன் 1-ஆம் தேதியையொட்டி இந்தியப் பெருநிலத்தில் முதலில் பருவமழையை வாங்கிக்கொள்கிறவர்கள் நாங்கள். வீட்டு டிஷ்ஷுக்கு வருகிற கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். பெருமழைத் துளிகள் அதை வழியிலேயே குடித்துவிடும். 2018 ஜூன் 30 ராத்திரி ரஷ்யாவில் உலகக் கோப்பை. அர்ஜென்டினாவும் பிரான்சும் 2–2. சடசடவென்று மழை. 'சிக்னல் இல்லை' என்று ஒரு நீலத்திரை. பின்வீட்டில் கேபிள். அங்கிருந்து ஒரு ஓலம் கேட்டது. நாலு நிமிஷம் கழித்து இன்னொரு ஓலம். ஓலத்தை வைத்து யார் போட்ட கோல் என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். கேரளத்தில் அர்ஜென்டினாவுக்குத்தான் ஆள் அதிகம், ஆகவே விஷயம் நல்லதாக இருக்காது என்று மகன் சொன்னான். மழை விட்டபோது 2–4.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு குரல் மலையாளத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்றது. பதினேழு நிமிஷத்துக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து, "சார், டிஷ்ஷுக்கு முன்னால் ஏதாவது மறைக்கிறதா என்று மாடியில் போய்ப் பார்க்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து, "மேகம் மறைக்கிறது, அம்மா" என்றேன். புகார் எண் கொடுத்தார்கள்.

மழைதான் என்றில்லை, வெயிலும் மறைக்கும். வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியையொட்டியும், சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும், அந்தச் சில நிமிஷம் படம் போய்விடும். கிட்டத்தட்ட அதே நாள்களில்தான் பத்மநாபசாமி கோயில் கோபுரத்தின் ஜன்னல்களில் அஸ்தமன சூரியன் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்க்கக் கிழக்கே கோட்டையில் கூட்டம் கூடும். ஒரே சூரியன். கட்டின ஆசாரிமார் அதற்கு ஜன்னல் விட்டார்கள்.

போதும் என்று கேபிளுக்குத் திரும்பினேன். அப்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. கேபிள்காரருக்கும் டி.வி. வானத்திலிருந்துதான் வருகிறது. பெரிய கம்பெனியின் தலைமையகத்தில் யானைக்குடை அளவில் டிஷ்கள் நிற்கின்றன. அவற்றுக்கு வரும் சி பேண்ட் அலை நீளமானது, மழையை அவ்வளவாக மதிக்காது. அங்கிருந்து ஃபைபர், பிறகு மின்வாரியக் கம்பம், பிறகு என் ஜன்னல். ஆகவே கேபிளா சாட்டிலைட்டா என்று வருஷக்கணக்காக நான் போட்ட பட்டிமன்றமே தலைப்புப் பிழை. டிஷ் யார் வீட்டு மாடியில் இருக்க வேண்டும், அது படுத்தால் யார் வர வேண்டும், இவ்வளவுதான் கேள்வி. இந்த இரண்டுக்கும் தங்கள் கட்டண அட்டவணையில் பத்தியே இல்லை.

கேபிளிலும் கஷ்டம் உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும், தெருமுனைப் பெட்டிக்கு மின்சாரம் இருக்காது. ரோட்டை ஒருவர் தோண்டுவார், மூடியதை இன்னொருவர் தோண்டுவார், நடுவில் எங்கள் ஒயர் அறும். உயரமான லாரி ஒன்று போனால் தெருவுக்கே சீரியல் நின்றுவிடும். தொங்கும் கேபிள் ஸ்கூட்டர்காரர் கழுத்தைப் பிடித்து உயர் நீதிமன்றம் வரை போன மாநிலம் இது. ஆனால் அறுந்தால் ஒருவர் வருகிறார். ஏணியைச் சைக்கிளில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு, "சாரே, இப்போ சரியாக்கித் தராம்" என்று வருகிறார். 'இப்போ' என்பது நாளை மத்தியானம் வரை நீளும். இருந்தாலும் வருகிறார். அம்மாவிடம் முட்டுவலி விசாரிக்கிறார். காப்பி குடிக்கிறார். ஒருமுறை டி.வி.யோடு மிக்சியையும் பார்த்துக் கொடுத்தார். இதற்கு ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம் என்று சமூகம் தெரியப்படுத்தினால் கட்டிவிடுகிறேன்.

சரி, அப்படியானால் கேபிளையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் குதிரையின் வயிறு திறக்கிறது. பரணில் இப்போது மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கேபிள், இரண்டு வெவ்வேறு டிஷ் கம்பெனிகளுடையவை. மூன்றும் நன்றாக வேலை செய்யும். மூன்றும் மற்றவரின் சிக்னலைத் தொடாது, தீட்டு. மொபைல் விஷயத்தில் 2011 ஜனவரி 20 முதல் நம்பரை எடுத்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நாடு முழுக்கத் திறந்துவிட்டவர்கள் தாங்கள்தான். வாயார வாழ்த்தினேன். செட்டாப் பாக்ஸும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தாங்களே பரிந்துரை எழுதி மேலே அனுப்பினீர்கள். அந்தக் கோப்பு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது? எங்கள் ஆபீசிலும் கோப்புகள் ஓய்வெடுக்கும், ஆனால் பரணில் அல்ல.

ஆகவே விண்ணப்பிப்பது: பெட்டியைப் பொதுவாக்கிக் கொடுங்கள். 19-க்கு வரம்பு வைக்கத் தெரிந்த தாங்கள், போனில் காத்திருக்கும் நிமிஷத்துக்கும் ஒரு வரம்பு வைத்து அது மீறினால் என் பில்லில் கழியுங்கள். மலையாளமும் தமிழும் ஒரே கூரையின்கீழ் பேசும் வீடுகள் இங்கிருந்து களியக்காவிளைவரை வரிசையாக இருக்கின்றன என்று பேக் போடுகிறவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுங்கள். தென்னை மட்டை விஷயத்தில் தாங்கள் தலையிட வேண்டாம். சேட்டனோடு நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
சந்தாதாரன் (பழைய எண்கள் மூன்று, புது எண் இன்னும் இல்லை)

பி.கு.: மாடியில் இருக்கும் பழைய டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம் என்று வீட்டுக்காரி உத்தரவு போட்டிருக்கிறாள். கிழக்கே சாய்ந்து அண்ணாந்து இருப்பதால் காலை வெயில் பூராவும் அதில் விழுகிறது. மோர்மிளகாய் காயப்போட்டிருக்கிறோம். இந்த ஊரில் அதற்குக் கொண்டாட்டம் என்று பெயர்.