ரத்தக் கொதிப்புக்கு ஒரு பாராட்டு விழா

தேனாம்பேட்டையில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. சீட் கிடைத்தவருக்கு, கிடைக்காமல் கட்சி மாறியவருக்கு, மாறிப்போய்த் திரும்பி வந்தவருக்கு. இந்த மாநிலத்துக்காக ராப்பகலாக உழைக்கும் ஒருவரை மட்டும் யாரும் மேடை ஏற்றவில்லை. திருவாளர் ரத்தக் கொதிப்பைச் சொல்கிறேன். சாதி பார்க்காதவர், மதம் கேட்காதவர், சத்தமே போடாமல் வேலையை முடிப்பவர். 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேர் அவர் பக்கம் இருந்தார்கள். இந்த ஓட்டு சதவீதம் கையில் இருந்தால் கூட்டணியே இல்லாமல் ஆட்சிக்கு வரலாம். அப்படி அவரிடம் மாட்டியவர்களில் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர். மீதிப் பேரிடம் அவர் வாடகை கூடக் கேட்கவில்லை. மொத்தமாக ஒருநாள் வாங்கிக்கொள்வார்.

விழாவுக்கு இடம் தேட வேண்டியதில்லை. அண்ணா சாலையில் டி.எம்.எஸ். வளாகம் இருக்கிறது. பொது சுகாதாரம் அங்கே, மருத்துவப் பணிகள் அங்கே, மருந்துக் கட்டுப்பாடு அங்கே, உணவுப் பாதுகாப்பும் அங்கேதான். நோயை எண்ணுகிறவர், மருந்தைச் சோதிக்கிறவர், சிப்ஸ் பாக்கெட்டைச் சோதிக்க வேண்டியவர் மூவரும் ஒரே கேட் வழியாக வேலைக்கு வருகிறார்கள். ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறார்களா என்பது தெரியவில்லை. பேசிக்கொள்வதில்லை என்பது பாக்கெட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

வரவேற்புரையில் சாதனைப் பட்டியல் இல்லாமல் முடியுமா? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. நல்ல திட்டம், இதில் நக்கலுக்கு இடமில்லை. அடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் 7.3 என்பது 17 ஆனது. 2024-ல் ஐ.நா. விருதும் வந்தது. நக்கல் வருவது அதற்குப் பின்னால் ஒட்டிய போஸ்டரில்தான். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பையன் பாஸாக 35 வேண்டும். 7 எடுத்தவன் 17 எடுத்தால் தட்டிக்கொடுக்கலாம், தப்பில்லை. தெருமுழுக்க ஃப்ளெக்ஸ் வைப்போமா? பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன உலகச் சராசரி, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மருத்துவத் தலைநகரம் என்று விமான நிலையத்தில் இறங்கியதுமே மார்தட்டும் ஊர், சராசரிக்கும் கீழே நின்று கேக் வெட்டுகிறது.

சரி, முதல் வாழ்த்துரை. அதைப் பேசத் தகுதியுள்ளவர் தனியார் மருத்துவமனை அதிபர்தான். விழா நாயகரால் அவரைப்போல வாழ்ந்தவர் யார்? பத்து வருடம் ஒருவன் பிரஷரைக் கவனிக்காமல் விட்டால்தான் அவருக்கு ஐந்தாவது மாடி எழும்பும். பிரஷருக்கான அம்லோடிபின் மாத்திரை, அரசு மொத்தமாக வாங்கும் விலையில், சில்லறைக் காசு. அந்தச் சில்லறையில் யார் ஏ.சி. லாபி கட்டுவது? அதனால் அவர் மாத்திரையைப் பற்றிப் பேச மாட்டார். அடைப்பைப் பற்றிப் பேசுவார். ஆஞ்சியோ அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருப்பார்கள். பச்சை உடையில் ஒருவர் வந்து நிற்பார். "சார், எண்பது பர்சென்ட் பிளாக். கைல பாம் வெச்சிக்கிட்டு நடக்கற மாதிரி. இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?" உள்ளே கட்டையாகக் கிடப்பவனிடம் கேட்க முடியாது. வெளியே நிற்பவளுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது. தாலியை அடமானம் வைக்க அரைமணி நேரம், கையெழுத்துக்கு அரை நிமிடம்.

2007-ல் வந்த கரேஜ் ஆய்வு, 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு இரண்டும் இந்த அரை நிமிடத்தைப் பற்றியவை. இஸ்கீமியாவில் இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 நோயாளிகள். மாரடைப்பு வந்து கிடப்பவர்கள் அல்ல. நடக்கும்போது நெஞ்சு பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும் என்ற நிலையில் நிதானமாக இருப்பவர்கள். ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைகளோடு ஆஞ்சியோ, ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு முதலில் மாத்திரைகள் மட்டும். சாவிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுவலி கூடுதலாகக் குறைந்தது. அதுவும் ஒரு பலன்தான், வலியோடு வாழ்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அப்படியானால் சொல்ல வேண்டியது என்ன? "அம்மா, அவசரமில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள்." அண்ணா சாலையில் இந்த வாக்கியத்தைச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் போட்டு எந்த விளம்பரப் பலகையும் பார்த்ததில்லை.

மாரடைப்பே வந்துவிட்டால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பைத் திறப்பவர் கடவுள். அதற்கும் ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது. சிறு ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்ய ஒரு வலைப்பின்னலைத் தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் போட்டுப் பார்த்தது. 2,420 நோயாளிகள். ஒரு வருடத்துக்குள் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியதை 2017-ல் வெளியிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் கலந்து 14 மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' 2023-ல் வந்தது. ஆக, எங்கே ஸ்டென்ட் உயிர் காக்கும், எங்கே கல்லாவைக் காக்கும் என்று தெரியாமல் யாரும் இங்கே இல்லை. தெரிந்துதான் நடக்கிறது. கோபம் அங்கேதான் வருகிறது.

அதே 2017-ல் இன்னொன்றும் நடந்தது. பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட் கணக்கைத் திறந்து பார்த்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக 1,21,400 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆணையம் அதை 29,600-க்கு இறக்கியது. சாதா ஸ்டென்டுக்கு 7,260. ஆஸ்பத்திரிகள் வைத்த லாபம் 654 சதவீதம் வரை போயிருந்தது. கந்துவட்டிக்காரன் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். விலை இறங்கியதும் இரண்டு பன்னாட்டு நிறுவனங்கள் உயர்ரக ஸ்டென்டை இந்தியாவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. நோயாளியின் நலன் முக்கியமல்லவா! பில்லின் அடிவரி எவ்வளவு இறங்கியது என்பதை அதற்குப் பிறகு பில் கட்டியவர்களைக் கேளுங்கள். ஸ்டென்டின் வரி சுருங்கியது, மற்ற வரிகள் பெருத்தன.

இரண்டாவது வாழ்த்துரைக்கு டாஸ்மாக்கை அழைக்கலாம். சாராயம் பிரஷரை ஏற்றும் என்பது பாடப்புத்தகச் செய்தி. வருடம் 45,000 கோடிக்கு மேல் ஊற்றிக்கொடுக்கும் அரசே, இன்னொரு கையால் அம்லோடிபின் அட்டையை நீட்டுகிறது. ஒரே அரசு, ஒரே குடிமகன். இதைவிடச் சிறந்த தொடர் கவனிப்பு எந்த நாட்டில் கிடைக்கும்?

நம்மையும் விடக் கூடாது. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு சார், மாத்திரைய நிறுத்திட்டேன்." மாத்திரையால்தான் நார்மல் ஆனது என்று சொன்னால், "ஒரு தடவ ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே" என்பார். காபியை ஆரம்பித்தபோது இந்தக் கவலை வரவில்லை. நாற்பதாயிரம் ரூபாய்ப் போனைத் தினமும் இரண்டு முறை சார்ஜ் போடுவார்; மருதம்பட்டைக் கஷாயம் பற்றி வந்த ஃபார்வர்டைப் படிப்பதற்காக. 2011-ல் வெளியான ப்யூர் ஆய்வில், இந்தியா இருந்த ஏழை நாடுகள் பிரிவில், மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் எண்பது சதவீதம் பேர் நிரூபணமான மாத்திரைகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஒருமுறை அடி வாங்கியவர்களின் கதை இது.

ஆராய்ச்சி போதவில்லை என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. ரத்தக் கொதிப்புக்கு சர்ப்பகந்தா வேலை செய்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியது 1949. மூன்றே வருடத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இலங்கையில் 700 நோயாளிகளுக்கு, மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கட்டுக்குள் வந்தவர்கள் எழுபது சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் ஐம்பத்தைந்து. வெளியானது 2018. இங்கே மாநாடு நடத்தினார்கள். நட்சத்திர ஹோட்டலில், மருந்துக் கம்பெனி செலவில், இரவு விருந்தோடு. மெனுவில் உப்பு சரியாக இருந்தது என்று கேள்வி.

உப்பென்றால் நினைவுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் செய்த க்யூர்ஸ் ஆய்வு, நாம் 8.5 கிராம் சாப்பிடுவதாகக் கணக்கிட்டது. அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று பாட்டியைக் குற்றம் சொல்வது சுலபம். பாட்டி போட்ட உப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பாக்கெட்டில் 'சோடியம், மில்லிகிராம்' என்று எறும்பு எழுத்தில் இருப்பதை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும். பூதக்கண்ணாடியும் கணக்கு வாத்தியாரும் இல்லாமல் பிஸ்கட் வாங்க முடியாது. சிலி நாட்டில் 2016 முதல் உப்பு மிகுந்த பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோணம் போட்டு எச்சரிக்கிறார்கள். நம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் என்ன யோசித்தது தெரியுமா? நட்சத்திரம். கெட்ட பாக்கெட்டுக்கும் குறைந்தது அரை நட்சத்திரம் உண்டு. எச்சரிக்க வேண்டிய இடத்தில் பரிசு! பாக்கெட்டின் முன்பக்க லேபிளை முடிவு செய்ய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது. கெடு முடிந்தபோது கெடுவை நீட்டித்தார்கள். நீட்டிப்பதற்கு பிரஷர் ஏறாது, அது கோப்பு.

பாராட்டுப் பட்டியலில் விடுபட்ட சிலர் உண்டு. வீடுவீடாகப் போய் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும் மகளிர் குழுப் பெண்கள். அவர்களை ஊழியர் என்று சொன்னால் சம்பளம் கொடுக்க வேண்டிவரும், அதனால் தன்னார்வலர். தருவது ஊக்கத்தொகை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் பதிவேட்டைத் தூக்கிச் சுமக்கும் ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் இதே டி.எம்.எஸ். வளாகத்துக்குள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று மாதம் 7,700 ரூபாய். போட்டித் தேர்வு எழுதித் தேறியவர்கள், பணி நிரந்தரம் கேட்டார்கள். கழிவறையைப் பூட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண்கள் புகார் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது, கலைந்து போனார்கள்.

நிரூபிக்கப்பட்ட மாத்திரை இருக்கிறது, அதை வாசல்வரை கொண்டுபோகிற கால்களும் இருக்கின்றன. அந்தக் கால்களுக்குரியவர்களைத் தேனாம்பேட்டைக்குக் கூப்பிட்டால், பொன்னாடை வேண்டாம், நிலுவையை எப்போது தருவீர்கள் என்றுதான் கேட்பார்கள். அதனால்தான் அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லை.