பேலன்ஸ் செய்தால் போதாதா?

கேள்வி: எங்கள் பட்டறையில் கிரைண்டிங் சக்கரம் அதிர்ந்தால் பேலன்ஸ் செய்து சரிபண்ணிவிடுகிறோம். பக்கத்து பெங்களூரில் 1989 முதல் காவேரி ஜெட் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது போதாதா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பேலன்ஸ் இல்லாமல் எந்த ரோட்டரும் ஓடாது. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. உங்கள் சக்கரம் நேர்மையான ஆள்: கோளாறு இரண்டு மடங்கானால் ஆட்டமும் இரண்டு மடங்கு. ஜெட் இன்ஜின் ரோட்டர் அப்படிக் கணக்குக்குள் அடங்காது. அதன் பேரிங்கைச் சுற்றிப் பெரும்பாலும் சுமார் 0.1 மி.மீ. இடைவெளியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஆட்டம் சிறிதாக இருக்கும்வரை படலம் அதை விழுங்கிவிடும். பெரிதானால் அதே எண்ணெய் சட்டென்று விறைத்துக்கொள்ளும். அப்போது வேகத்தைக் கூட்டும்போது ஓர் இடத்தில் அதிர்வு சட்டென்று தணியும். குறைக்கும்போது அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் மீண்டும் எகிறும். நடுவில் ஒரே ஆர்.பி.எம்.முக்கு இரண்டு அதிர்வுகள்! எது வரும் என்பது நீங்கள் மேலிருந்து இறங்கினீர்களா, கீழிருந்து ஏறினீர்களா என்பதைப் பொறுத்தது.

எண்ணெய் வேறு விதத்திலும் வில்லனாகும். 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நியூகிர்க் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தது அதைத்தான். புஷ் பேரிங்கில் சுற்றும் தண்டை, நன்றாகப் பேலன்ஸ் செய்திருந்தாலும், எண்ணெயே பிடித்து ஆட்டும். தண்டின் முதல் கிரிட்டிக்கல் வேகத்தைப் (அதிர்வு உச்சமாகும் வேகம்) போல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் அது வெறிகொள்ளும். பேலன்சிங் எடையால் அதை அடக்க முடியாது. பேரிங்கின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை அதிவேக ஸ்பிண்டிலைச் சோதிக்கும்போது வேகம் ஏறுகையில் மட்டுமல்ல, இறங்குகையிலும் அதிர்வைக் குறித்து வையுங்கள்.