எரிமலை தேடி வந்த மருமோனுக்கு

எட மருமோனே, மலையேறுற சப்பாத்து, சூடு அளக்கிற கருவி, தடிச்ச கையுறை எல்லாத்தோடயும் நீ ஒஸ்லோவில இருந்து வந்திறங்கியிருக்கிறாயெண்டு கொம்மா சொன்னா. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு இதெல்லாம் கட்டாயம் வேணுந்தான். அங்க இருக்கிறது ஏழு சதுரக் கிணறு. ஆழம் மூண்டு நாலு அடி. அடியில கிடக்கிற சில்லறை பூவா தலையா எண்டு மேல நிண்டே பார்க்கலாம். விழுந்தாலும் கயிறு கட்டித் தூக்க வேண்டி வராது.

எரிமலைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. இலங்கையில நெருப்புக் கக்கிற மலை ஒண்டும் இல்லை. ஆசை அடங்காட்டில் அந்தமானுக்குப் போ. பாரன் தீவு எண்டு ஒண்டு இருக்கு, இந்தியாவில உயிரோட இருக்கிறது அது ஒண்டுதான். அங்க குடிசனம் இல்லை. கொம்மாவின்ர சொந்தக்காரர் ஆரும் இருப்பினம், தங்கலாமெண்டு மட்டும் நினையாத.

அப்ப தண்ணி எப்பிடிச் சுடுதெண்டு கேப்பாய். எங்கட ஆக்கள் ராவணனைச் சொல்லுவினம். கோணேசர் மலையையே தாய்க்காகப் பெயர்க்கப் பார்த்தவன். விஷ்ணு கிழவன் வேஷத்தில வந்து "உன்ர தாய் செத்துப்போனா" எண்டு சொல்ல, அந்தியேட்டி செய்யத் தண்ணி வேணுமெண்டு வாளால ஏழு இடத்தில குத்தினானாம். கிழவன்மார் சொல்லுறதை நம்பினால் இதுதான் நடக்குமெண்டு நீ விளங்கிக்கொள்ளாத. அது வேற கிழவன்.

படிச்சவை சொல்லுறதும் நல்ல கதைதான். மழைத்தண்ணி பாறை வெடிப்பால இறங்கிக்கொண்டே போகுது. பூமிக்குள்ள ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25, 30 பாகை சூடு கூடும். அங்க சூடேறின தண்ணி வேற வெடிப்புக் கண்டு மேல வருது. நெருப்பே தேவையில்லை, ஆழம் போதும். கன்னியாத் தண்ணி 40 பாகை செல்சியசை அண்டித்தான் இருக்கும், கிணத்துக்குக் கிணறு கொஞ்சம் மாறும். அம்பாறைப் பக்கம் மகாஓயாவில 50ஐத் தாண்டும். ஆகவே கன்னியாவுக்கு முட்டை கொண்டுபோகாத. பச்சையாத்தான் திரும்பி வரும்.

ஐஸ்லாந்தில ஸ்ட்ரோக்குர் ஊற்று பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் வானத்துக்குப் பீச்சுமெண்டு போனில படம் காட்டினாய். எங்கட கிணறு ஆரைக் கண்டும் அப்பிடித் துள்ளாது. நீயாத்தான் வாளியால அள்ளித் தலையில ஊத்த வேணும்.

விடியப்புறம் போ. கச்சான் காத்து அடிக்கிற ஆடி மத்தியானத்தில, வேர்வையில ஒருக்கால் குளிச்சிட்டு, ரிக்கெற் எடுத்து வெந்நியில இன்னொருக்கால் குளிக்கிற ஆக்களைப் பார்த்திருக்கிறன். எல்லாம் வெளிநாட்டால வந்த எங்கட பிள்ளையள்தான். சவர்க்காரம் பூசாத. 31ஆம் நாள் காரியம் செய்ய வந்தவை கண்கலங்கி நிக்கேக்க போனைத் தூக்காத. ஆற்ற கிணறெண்டு ஆரிட்டயும் வாய் குடுக்காத. அந்த வழக்கு 2019இல திருகோணமலை மேல் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தோண்டின ராவணன் மட்டும் இன்னும் மனுப் போடேல்லை.

முழங்கால் நோ போகுமெண்டும் சொல்லுவினம். எனக்கு முக்கால்வாசி போட்டுது. உன்ர மாமி தேங்காய் துருவச் சொல்லேக்க மட்டும் திரும்பி வருது. அதால வானில முன் சீற் எனக்கு. அனுராதபுர வீதியால அரை மணித்தியாலமும் ஆகாது, ஆனாலும் கால் நீட்ட வேணும். திரும்பி வரேக்க உப்புவெளியில கணவாய்க் கறியோட சாப்பாடு. அந்தியேட்டிக்கா போறம், மச்சம் தின்னலாம். காசை நீ குரோனில குடுத்தாலும் கடைக்காரன் கோவிக்க மாட்டான், நான் கதைச்சு வச்சிட்டன்.