அமுச்சியின் இடுப்பும் டயரின் இடுப்பும்: பரமத்தி வேலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பரமத்தி வேலூர்ப் பக்கம் காருக்குப் புது டயர் மாட்டப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடோணுமுங்க?" என்பது. இரண்டாவது, "லோடு அடிப்பீங்களா?" மூன்றாவது கேள்வி கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்து போகிறவருக்கு எப்படி இருக்கவேண்டும் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அறிவுலகின் இந்தப் பெரும் பள்ளத்தை மூடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சாலையில் உள்ள பள்ளங்கள் இதன் எல்லைக்குள் வாரா.

குறையைக் கடைக்காரர் மேல் போடுவதற்கில்லை. வேலூருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் நாமக்கல் இருக்கிறது. லாரிக்கு பாடி கட்டுவதும், கேஸ் டேங்கர் ஓட்டுவதும், தேய்ந்த டயருக்கு ரீபட்டன் போடுவதும் குலத்தொழில் போல நடக்கும் மாவட்டம். டயரைக் காலால் ஒரு உதை விட்டு, ஒலியை வைத்தே காற்று குறைவா இல்லையா என்று சொல்லும் பெரியவர்கள் டீக்கடைக்கு ஒருவராவது உண்டு. டயரைப் பற்றி இவ்வளவு தெரிந்த சனம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த ஞானம் முழுக்க லாரி ஞானம். லாரியில் போவது முட்டை, இரும்பு, சிமெண்ட். இவற்றில் எதுவும் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதில்லை.

வாழைத்தார் ஏற்றும்போது மட்டும் இங்கே சொகுசு பற்றிய சிந்தனை தலைகாட்டும். தாரில் காயம் படக்கூடாதென்று அடியில் சருகு பரப்புவார்கள். பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் கிடைக்கும் இந்த மரியாதை மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் அமுச்சி. அம்மாவைப் பெற்றவர், வயது எண்பதுக்கு மேல். மாதம் தவறாமல் கிருத்திகையன்று கபிலர்மலை முருகனைப் பார்க்க என் காரின் பின்சீட்டில் வருவார். ஆய்வுக் கருவியும் அவரே, அளவுகோலும் அவரே.

அளவுகோல் வேண்டியதாயிற்று, ஏனெனில் டயர்க் கடையில் அப்படி ஒன்று இல்லை. ஐரோப்பாவில் 2012 முதல் டயருக்கு லேபிள் ஒட்டுகிறார்கள். எரிபொருள் எவ்வளவு மிச்சம், ஈரத்தில் எவ்வளவு பிடிப்பு, சத்தம் எத்தனை டெசிபல் என்று அதில் இருக்கும். அந்தச் சத்தமும் வண்டிக்கு வெளியே கேட்கும் சத்தம். ரோட்டோரம் நிற்கிறவனின் காதைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், உள்ளே இருக்கிறவரின் இடுப்புக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. எனவே 'ஐயோ' என்னும் அலகை நான் உருவாக்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஐயோ என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கீழே 'ம்க்கும்' என்றொரு சிற்றலகும், மேலே 'கபிலர்மலை முருகா' என்றொரு பேரலகும் உண்டு. முதலில் 30 முட்டை கொண்ட ஒரு அட்டையைப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. முட்டை அட்டையே ஒரு நல்ல ஸ்பிரிங் என்பது தெரிந்ததுதான் மிச்சம்.

மூன்று கிருத்திகைகளின் தரவுகளை ஒப்பிட்டபோது ஒரு ஒழுங்கு புலப்பட்டது. ஜல்லி தெறித்த இடம், ஒட்டுப்போட்ட தார், குழாய்க்குத் தோண்டி மூடிய கோடு ஆகியவற்றில் வருவது ம்க்கும். வேகத்தடையில் வருவது ஐயோவும் முருகனும். இது அமுச்சிக்கு மட்டும் உரிய பழக்கமன்று, இயற்பியல். சிறிய, கூரான அடிகளை டயர் தன் வயிற்றிலேயே வாங்கிக்கொள்ளும். வண்டியே எழுந்து உட்காரும் பெரிய அசைவு டயரைத் தாண்டி ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போய்விடும். ஆகவே எவ்வளவு விலைகொடுத்து டயர் வாங்கினாலும் குறையப்போவது ம்க்கும் மட்டுமே. முருகன் அப்படியே இருப்பார். வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கும்படி இருக்கவேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இலேயே எழுதிவைத்துவிட்டது. நம் ஊர்களில் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே ராத்திரியில் போட்ட வேகத்தடைகளில் உயரத்துக்குக் குறையில்லை. அகலம்தான் ஒரு திண்ணை அளவுகூடத் தேறாது.

இங்கே வரலாற்றுக்குள் கொஞ்சம் போயாக வேண்டும். ஆய்வு என்றால் போகாமல் இருக்க முடியாது. காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-இல். அவரை உலகம் மறந்தது. பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு டாக்டர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் குலுங்குவதைப் பார்த்து, 1888-இல் அதையே புதிதாகக் கண்டுபிடித்ததாகக் காப்புரிமை வாங்கினார். பின்னால் தாம்சன் முந்திக்கொண்டது தெரிந்து அந்தக் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், டன்லப்பின் டயர் பிறந்தது லோடுக்காக அல்ல, கிலோமீட்டருக்காகவும் அல்ல. வீட்டில் ஒருவர் குலுங்கியதற்காக. அதே 1888-இல்தான் இங்கே மோகனூரில் நாமக்கல் கவிஞர் பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நாமக்கல் மாவட்டத்து ஆய்வுக் கட்டுரையில் இதைக் குறிப்பிடாமல் விடுவது மரபன்று.

நம் பக்கத்துக் கதை பலூனில் தொடங்குகிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-இல் ரீபட்டன் ரப்பருக்கு வந்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனிலிருந்து டயருக்கு வந்தவருக்குத் தெரியாததல்ல: நம்மைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று.

அமுச்சியின் சாட்சியம் வேறு. கல்யாணமாகி அவர் வந்தது வில்வண்டியில். "அடியில வில்லு, மேல வைக்கோலு, அதும்மேல ஜமுக்காளம். இப்படியா இடுப்ப முறிச்சுது?" என்பது அவர் வாதம். கட்டை வண்டியின் இரும்புப் பட்டா, வில்வண்டியின் வில், பிற்பாடு வந்த டயர் வண்டியின் ரப்பர் என்று மூன்று நிலைகளிலும் பயணம் செய்தவரின் கூற்றை எளிதில் தள்ள முடியாது. மாடு நடக்கிற வேகத்தில் போனால் என் காரும் குலுங்காது என்ற மறுப்பை நான் மனதோடு வைத்துக்கொண்டேன்.

இனி டயரின் இடுப்பு. டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்பது போல எழுதியிருக்கும். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 14 என்பது அங்குலத்தில் டிஸ்க்கின் விட்டம். பெருக்கினால் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். என் மாமன் மகன் வந்து, "மச்சான், 16 இஞ்ச் அலாய் போட்டுடுங்க, வண்டி லுக்கே மாறிடும்" என்றான். அவன் சொன்னது 195/55 ஆர்16. பெருக்கிப் பார்த்தேன்: 107 மில்லிமீட்டர். வேடிக்கை என்னவென்றால், இரண்டு டயரும் வெளியே ஒரே உயரம்தான், 62 சென்டிமீட்டர். டிஸ்க் பெருத்த அளவுக்குக் காற்று மெலிந்துவிடுகிறது. சுற்றிலும் ஒரு அங்குலம் போய்விடுகிறது. அந்த ஒரு அங்குலத்தில்தான் அமுச்சி உட்கார்ந்திருக்கிறார். "லுக்கு யாருக்குடா?" என்று கேட்டேன். "ரோட்டுல பாக்கறவங்களுக்கு" என்றான். ஐரோப்பிய லேபிளும் அவனும் ஒரே கட்சி.

ஆகவே கம்பெனி கொடுத்த அளவே போதும், இருப்பதில் தடித்த இடுப்புள்ள டயரே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தேன். அடுத்து ஜாதகம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் பிறந்தது. ரப்பர் சும்மா கிடந்தாலும் வருஷத்துக்கு வருஷம் இறுகும். பட்டன் புதிதாக, மீசையெல்லாம் முளைத்திருந்தாலும் வயதான டயர் கட்டையாகத்தான் ஓடும். பெண் பார்க்கப் போனால் நட்சத்திரம் கேட்கிற நாம், டயர் வாங்கும்போது இதைக் கேட்பதில்லை. கடையில் குனிந்து படித்தபோது பையன் என்னை ஏதோ தொலைந்ததைத் தேடுகிறவர் போலப் பார்த்தான். மென்மையான ரப்பர் சொகுசு தரும், சீக்கிரம் தேயும். "இது அவ்வளவா ஓடாதுங்க" என்று எந்த டயரைக் கடைக்காரர் தள்ளிவைத்தாரோ, அதையே எடுத்துக்கொண்டேன். அவர் என்னைத் தடுக்க மிகவும் முயன்றார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து வாங்கவில்லை. வேல்ஸ் நாட்டு லனெல்லியில் ஸ்டெப்னி என்றொரு தெரு. உபரிச் சக்கரம் செய்த கம்பெனி 1904-இல் அங்கே தொடங்கியது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, சக்கரம் நம் ஊர் டிக்கிக்குள் வந்து படுத்துக்கொண்டது. சொல்லாராய்ச்சிக்கு இவ்வளவு போதும்.

இந்த ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு புது டயர் மாட்டப் பழைய டயரைக் கழற்றும்போது தற்செயலாக நிகழ்ந்தது. கடைக்காரர் காற்றளந்து பார்த்துவிட்டு, "எங்கீங்க காத்தடிச்சீங்க? 42 இருக்குது" என்றார். என் காரின் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பது 30. நெடுஞ்சாலையோரம் லாரிக்கு 100-க்கு மேல் அடித்தே பழகிய கைக்கு, காரின் டயர் எப்போதும் காற்றில்லாதது போலத்தான் தெரியும். பாவம் பார்த்து ரெண்டு அழுத்து கூட அழுத்திவிடுவார்கள். அந்த 42-இல் டயர் சக்கரமாக இல்லை, உருளைக் கல்லாக இருந்திருக்கிறது. மூன்று கிருத்திகைகளின் ம்க்கும் கணக்கும் இதனால் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

ஆய்வுலகுக்கு ஒரு எச்சரிக்கை: காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்கவேண்டும். வெப்பம் 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். சித்திரை வெயிலில் கரூர் போய்வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். அப்போது இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்துகிடக்கும். சொகுசுக்காக ஸ்டிக்கர் சொன்னதற்குக் கீழேயும் போகக்கூடாது. பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். அது ஐயோ அலகில் அடங்காது. நைட்ரஜன் அடிக்கலாமா என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

புது டயர், 30 காற்று, அடுத்த கிருத்திகை. பின்சீட்டில் பூக்கூடையும் தேங்காய்ப் பையும் இடத்தை அடைத்துக்கொண்டதால் அமுச்சி முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டு ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே இருக்கிறது, முன்சீட்டு இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிறது, குலுக்கல் அங்கே தானாகவே குறையும் என்பது வண்டியைக் கிளப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே நாளில் மூன்றை மாற்றிவிட்டால் பலன் எதனால் வந்தது என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. டயர் பில்லை நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வேலூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி, கபிலர்மலை அடிவாரம் வரை ஒரு ம்க்கும் இல்லை. வேகத்தடையில் மட்டும் முருகனைக் கூப்பிட்டார். வண்டி நின்றதும் கதவைத் திறந்து, காலை ஊன்றி, திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"ரோடு புதுசாப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது கண்ணு?"

"ஆமாங்க அமுச்சி" என்றேன்.