கோடு போட்ட நோட்டு

வா பேராண்டி. கொச்சியில சினிமாப் படிப்புப் படிக்கிறவரு காந்தலூருக்கு எழுந்தருளியிருக்கீங்க. திண்ணையில பூண்டு காயுது, மிதிச்சுடாம உட்காரு. அதென்ன கையில, நோட்டா? 'சிறந்த மலையாளப் படங்கள்'. பேஷ். நடுவுல கோடு கிழிச்சு இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ்னு பிரிச்சிருக்க பாரு, அது இன்னும் பேஷ். கேரளா-தமிழ்நாடு எல்லையில, சின்னாறு செக்போஸ்ட்டுல ஆள் எடுத்தா உன்னைத்தான் சொல்லிவிடணும்.

சரி, முதல் படத்தை வாசி. விகதகுமாரன். எடுத்த ஜே.சி.டேனியல் எங்க பொறந்தாரு? அகஸ்தீஸ்வரம். இன்னைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். இப்பவே உன் கோடு ஆடுது பாரு. அதுல நடிச்ச பி.கே.ரோஸி தலித் பொண்ணு. நாயர் வீட்டுப் பொண்ணா நடிச்சிருச்சுன்னு திரையில கல்லெறிஞ்சாங்க. அந்தப் பொண்ணு தப்பிச்சு வந்து நாகர்கோவில்ல பேர் வெளிய தெரியாம வாழ்ந்து முடிச்சிருச்சு. இந்த இடத்துல மட்டும் எனக்குக் கேலி வரமாட்டேங்குதுடா.

டேனியல் வயசான காலத்துல கலைஞருக்கான உதவித்தொகை கேட்டாரு. நீர் தமிழ்நாட்டுல பொறந்து தமிழ்நாட்டுலயே இருக்கறவராச்சேன்னு கேரள சர்க்காரு கையை விரிச்சிருச்சு. 1975ல கண்ணை மூடினாரு. 1992லருந்து அவரு பேருலயே பெரிய விருது குடுக்கறாங்க. செத்தவங்ககிட்ட ரேஷன் கார்டு கேக்கறதில்ல போல.

அப்புறம் மலையாளத்தோட முதல் பேசும் படம், பாலன், 1938. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம் கம்பெனி. மலையாளம் திரையில வாயைத் திறந்ததே சேலத்துல. மாம்பழ வாசம் பட்டிருக்கும். ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கின செம்மீன் இருக்கே, 1965? கதை தகழி, டைரக்டர் ராமு காரியாட், ஒத்துக்கறேன். மெட்டுப் போட்ட சலீல் சௌத்ரி, வெட்டி ஒட்டின ரிஷிகேஷ் முகர்ஜி, பாட வந்த மன்னா டே எல்லாம் வங்காளத்து ஆளுங்க. நோட்டுல மூணாவதா ஒரு பக்கம் ஒதுக்கு.

திருஷ்யம்? நம்ம இடுக்கி ஜார்ஜ்குட்டி 2015ல தமிழ்ல 'பாபநாசம்' படத்துக்குப் போய் சுயம்புலிங்கம் ஆனாரு. 2019ல சீனாக்காரனே அந்தக் கதையை எடுத்துட்டான். போலீஸை ஏமாத்த எந்த பாஷையா இருந்தா என்ன! மஞ்ஞும்மல் பாய்ஸ்ல விழுந்தது கேரளாப் பையன், குழி கொடைக்கானல்ல, பாட்டு 1991ல வந்த குணாவோடது. கோட்டை எங்க கிழிப்ப, குழிக்குக் குறுக்கயா?

நான் ரெண்டு தடவை பார்த்தது 'நண்பகல் நேரத்து மயக்கம்'தான். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது. வேளாங்கண்ணி போயிட்டு பஸ்ஸுல திரும்பற ஜேம்ஸு மத்தியானம் தூங்கி முழிக்கறான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியா நடந்து, முன்னப்பின்ன தெரியாத தமிழ்க் கிராமத்துல ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சு, காணாமப்போன சுந்தரமா வாழ ஆரம்பிச்சுடறான். வேட்டியை மாத்திக் கட்டறான், தமிழ் சரளமா வருது. பின்னாடி பழைய தமிழ்ப் படத்துப் பாட்டும் வசனமும் ஓடிக்கிட்டே இருக்கு. ஜேம்ஸா நடிச்ச மம்மூட்டிக்கு அதுக்கு ஸ்டேட் அவார்டு குடுத்தாங்க. எனக்குத்தான் குடுத்திருக்கணும். உடுமலைச் சந்தையில பூண்டு மூட்டையை இறக்கினா நான் 'கேரளாக்காரரு'. இங்க ஒரு ஆபீஸுல மனுவை நீட்டினா 'பாண்டி'. சின்னாறு தாண்டும்போதெல்லாம் வேசத்தை மாத்தி அம்பது வருசமாச்சு. ஒருத்தனும் கேமராவோட வரலை. மதுரையிலருந்து மலையேறி வந்தவங்கன்னு சொல்லிக்கற நம்ம அஞ்சுநாட்டுக்காரன் கதையில படம் எடுக்கற அளவுக்குச் சண்டை இல்லையாம்!

சரிடா, வெயில் ஏறிருச்சு, நான் செத்த நேரம் கண்ணயர்றேன். எந்திரிச்சு உன்னை யாருன்னு மலையாளத்துல கேட்டேன்னா அலறிப் பாட்டியைக் கூப்பிடாத. மறையூர் வெல்லம் போட்டு ஒரு கட்டஞ்சாயா குடு. தமிழ்ல கேட்டேன்னா, வெல்லத்தைக் கொஞ்சம் கூடவே போடு.