நெத்திக்கு வந்த வழக்கு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. உங்கம்மா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறா. என்னாச்சும்மான்னு கேட்டா, மாரியம்மன் கோயில்ல பூசாரி திருநீத்துத் தட்டை நீட்டறப்ப நீ தலையைப் பின்னால இழுத்துக்கிட்டயாமா. அதுவும் பால் பொங்கி வர்ற நேரம். அத்தைமாரு, சம்பந்தக்காரங்க அத்தனை பேரும் பாக்க, "சாமியே இல்லைங்கறேன், திருநீறு எதுக்கு?"ன்னு கேட்டுப்போட்டயாமா. சாமி இல்லைங்கறயா, சரி, இல்ல. அதை ஏண்டா பொங்கப்பானைகிட்டப் போயிச் சொன்ன? அது உன்னைக் கேட்டுச்சா?

நீ என்னமோ பெங்களூருல கண்டுபுடிச்சாப்ல பேசற. மணிமேகலையில பூதவாதின்னு ஒருத்தன் வர்றான், படிச்சிருக்கறயா? பூவும் வெல்லமும் இன்னதும் சேர்ந்தா கள்ளுல போதை வர்றாப்ல, பூதங்க சேர்ந்தா உசுரு வருது, பிரிஞ்சா போச்சு, கண்ணால காணறதுதான் நெசம்ங்கறான். மணிமேகலை சிரிச்சுப்போட்டு, கண்ணால காணறது மட்டுந்தான் நெசம்னா உங்கப்பன் ஆத்தாளை எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு கேட்டா பாரு, ஆளு கப்சிப்! அந்தக் காலத்துலயே வாங்கிக் கட்டிக்கிட்ட கட்சிடா நம்ம கட்சி. ஆமா, நம்ம கட்சிதான். அமுச்சி காதுல உழுகாமப் பேசு.

பெரியாருன்னா உனக்குத் தாடியும் தடியுந்தான் தெரியும். நாங்க ஈரோட்டுக்காரங்க. வாலிபத்துல எத்தனை கூட்டம் கேட்டிருப்பேன்! பிள்ளையாரைப் பிழிஞ்சு கொடியில காயப்போட்டுட்டுத்தான் சோடா குடிப்பாரு. அதே மனுசன் குன்றக்குடி மடத்துக்குப் போனப்ப திருநீறு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டாரு. திரு.வி.க. ஈரோட்டுல வந்து தங்குனப்ப, ஆத்துல குளிச்சு ஏறுனவருக்கு இவரே திருநீத்தை எடுத்து நீட்டுனாருன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அடுத்தவங்க மேடையில கடவுள் வாழ்த்துப் பாடுனா, முடியாத வயசுலயும் ரெண்டு பேரு தோளைப் புடிச்சு எந்திரிச்சு நிப்பாரு. அதனால கருத்துல ஒரு நூல் எறங்குனாரா? 1925ல சுயமரியாதை இயக்கம் ஆரம்பிச்சவரு நெத்தியே வளைஞ்சு குடுத்திருக்குது. நேத்து மீசை மொளச்சவன் நெத்திக்கு அத்தனை கிராக்கி!

அவரு அதுக்கு முந்தி ஈரோட்டுல தேவஸ்தானக் கமிட்டிக்குத் தலைவரா இருந்தவரு, தெரியுமா? கோயில் கணக்குன்னா நம்மாளுதான். இந்த ஊருலயும் இருவது வருசமா மாரியம்மன் பெட்டிச் சாவி ஆரு இடுப்புல தொங்குது? ஊர்க்கூட்டத்துல பெரியதனக்காரரே சொன்னாரு: "சாமி கும்புடறவன் எடுத்தா, அப்புறம் அம்மன்கிட்டக் கன்னத்துல போட்டுக்கலாம்ங்கற தைரியம் இருக்கும். இந்தாளுக்கு மன்னிக்கறதுக்கு ஆருமே இல்ல. சாவியை இவருகிட்டயே குடுத்துருங்க." நாத்திகத்துக்கு இப்படி ஒரு நற்சான்று நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல.

அப்புறம், கோயில் வரி கேட்டு வந்தா மொத ஆளாக் குடுத்துரு. வரி குடுக்காத நாத்திகனை ஊருல ஒருத்தனும் பகுத்தறிவாளிம்பானா? கஞ்சன்ம்பான். கெடா வெட்டுக்குக் கூப்பிட்டா போயித் தின்னு. கறிக்கு மதமில்ல.

எனக்கும் உன்ற அமுச்சிக்கும் சுயமரியாதைக் கல்யாணம். 1968. அண்ணா அதுக்கு முந்தின வருசந்தான் சட்டசபையில அதுக்குச் சட்டம் நிறைவேத்துனாரு. ஐயரில்ல, ஓமமில்ல. அதுக்குப் பதிலா ரெண்டு பேச்சாளருங்க மூணு மணி நேரம் பேசுனாங்க. மந்திரமா இருந்தா முக்கா மணியில முடிஞ்சிருக்கும். ராத்திரி பார்த்தா இவ முந்தானை முடிச்சுல மஞ்சத்துணி. அவுத்தா, ஒத்த ரூவாயும் கொஞ்சம் திருநீறும். எதுக்குடின்னேன். "உங்க சட்டம் செல்லாமப் போச்சுன்னா?"ன்னா. நான் அன்னைக்குக் கோவிச்சுட்டு வெளிய போயிருந்தேன்னு வெச்சுக்க, இன்னைக்கு உங்கம்மாவும் இல்ல, நீயும் இல்ல, இந்த வழக்கும் இல்ல. சிரிச்சுப்போட்டுப் படுத்தேன். அந்தத் துணி இன்னும் அஞ்சறைப்பெட்டியில கெடக்குது. எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்குத் தெரியாதுன்னு நான் நெனச்சுட்டிருக்கறேன்.

2011 சென்சஸ்ல, நாத்திகன்னு வாய் தொறந்து சொன்னவங்க தேசம் முச்சூடும் 33 ஆயிரத்துச் சொச்சம். மதத்தையே சொல்லாதவங்க 28 லட்சத்துக்கு மேல. நீ மொதக் கூட்டம். மார்ல குத்திக்கிட்டு நில்லு, வேண்டாம்ங்கல. கணக்கெடுக்க வந்த வாத்தியாருக்கு மோரு குடுத்து, மழை தண்ணியப் பேசி அனுப்பி வெச்சவன் நான்.

சரி, உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னா... இந்தா, இந்தக் காகிதத்தைப் பாரு. மெல்லப் பிரி. கோயில் பெட்டிக்குள்ளதான் வெச்சிருந்தேன். அங்கதான் நம்ம ஊட்டுல ஒருத்தரும் கைய உட மாட்டாங்க. நான் போய்ச் சேர்ந்தா ஒடம்பை மெடிக்கல் காலேசுக்குக் குடுக்கறதுன்னு எழுதியிருக்கறேன். படிக்கற புள்ளைக அறுத்துப் பார்த்துக்கட்டும். என்ற கையெழுத்து இருக்குது. கீழ வாரிசு கையெழுத்து வேணுமாமா. உங்கம்மா மாட்டேங்கறா. அப்பனுக்குக் கருமாதி செய்யாட்டி ஊரு சிரிக்கும்ங்கறா. ஆறு மாசமா நானும் பெரியாரு, அண்ணா, மணிமேகலை அத்தனையும் பேசிப் பார்த்தாச்சு.

நேத்து ராத்திரி கொஞ்சம் எறங்கி வந்தா. "உங்க பேரன் நெத்தியில ஒரே ஒரு நாளு திருநீறு பார்த்துப்போட்டா யோசிக்கறேன்"ன்னா.

நாளைக்கு வெள்ளிக்கெழமை. காத்தால ஆறு மணிக்கு நடை தொறப்பாங்க. வேட்டி அந்தக் கட்டில் மேல மடிச்சு வெச்சிருக்கறேன். பேனா என்கிட்ட இருக்குது.